இறந்தவர் கையெழுத்து தேவையில்லை

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.

பெரியதம்பி தன் கைப்பேசியைக் காதிலிருந்து இறக்கினார். உள்ளே சத்தம் நின்றது. மறுபடி அழைத்தார். உள்ளே மறுபடி அடித்தது.

"மிஸ்ஸி... உள்ளதான இருக்கீங்க? கதவத் தொறங்க."



பெம்பான் ஊர்க் கடைவரிசையின் கோடியில் இருந்தது அந்தச் சின்னக் கிளினிக். சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு ஒரு புதுக் களிம்பைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சிக் கிளினிக். அங்கே ஒரே நர்ஸ். நோயாளிகளுக்கு 'மிஸ்ஸி'; பெயர் அனுசியா. பெரியதம்பியின் வெட்டிய காலுக்குக் கட்டு மாற்ற, காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

மணி ஒன்பது இருபத்தைந்து. கதவு வெளியே பூட்டியிருந்தது.

வெளியே பூட்டு... உள்ளே அவளுடைய கைப்பேசி!

பெரியதம்பிக்கு வலது கால் முழங்காலோடு முடிந்துவிடும். ஆனால் முப்பது வருடம் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டிய தோள்கள் அப்படியே இருந்தன. சுவரில் சாய்ந்துகொண்டு, ஊன்றுகோலை ஓங்கினார்.

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் அனுசியா கிடந்தாள். கண்கள் பாதி திறந்திருந்தன. இடது கைச் சட்டை தோள்வரை சுருட்டப்பட்டிருந்தது. ஏர்கான் குளிரிலும் அவளுடைய வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

பெரியதம்பி குனிந்து நெற்றியைத் தொட்டார். சில்லென்று இருந்தது.

அந்த வியர்வையை அவருக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும்.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். மேசைமேல் ஒரு கோப்பை, தேத்தூள், பாதி தீர்ந்த இனிப்பு டின் பால்...

*

பத்தரை மணிக்கு ஜாசினிலிருந்து போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் யுவனேஸ்வரன். சார்ஜன் கோமளா அரை மணிக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள்.

"அனுசியாவத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க சார். ஆம்புலன்ஸ் போய் அரை மணி ஆச்சு" என்றாள் கோமளா. "இவருதான் மொதல்ல பார்த்தவரு. பெரியதம்பி."

பெரியதம்பி எழுந்திருக்க முயன்றார்.

"உட்காருங்கண்ணே. நீங்க அனுசியாவத் திட்டினதா பக்கத்துக் கடைக்காரரு சொல்றாரு. நெசமா?"

"திட்டினேன் சார். காலு போன அந்த வாரத்துல. காலு போனா யாரையாச்சும் திட்டணும்ல? டாக்டரத் திட்டலாம்னா அவரு வந்தாத்தானே. புண்ண போட்டோ புடிக்க மட்டும் மாசத்துல ஒரு நாளு வருவாரு. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு."

"எந்த டாக்டரு?"

"அம்பிகைபாகன். பாச்சாங்ல பெரிய கிளினிக் வச்சிருக்காருல, அவருதான். அவரு களிம்புதான் இது."

"அப்புறம் அனுசியா?"

"அது நல்ல பொண்ணு சார். நான் திட்டினதுக்கு அது அழுதுச்சு. நேத்து சாயங்காலம் போன்ல டாக்டரோட ஒரே சண்ட. 'நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கட்டுரை வந்துச்சுன்னா எல்லாத் தோட்டத்துக்கும் இந்தக் களிம்பு போகும். இன்னும் எத்தன காலு போகும்? நான் ஜர்னலுக்கே எழுதிப் போட்டுருவேன்'னு சத்தம் போட்டுச்சு. நான் வெளிய பெஞ்சில இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

கோமளா மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு கட்டுக் காகிதத்தையும் எடுத்திருந்தாள்.

"சார், இதப் பாருங்க. நோட்டு அனுசியா எழுதினது. காகிதம் டாக்டரோட கட்டுரை. அறுபது பேருக்குக் களிம்பு போட்டிருக்காங்க. பதினொரு பேருக்குக் கால எடுத்திருக்காங்க."

"கட்டுரையில?"

"அம்பத்து மூணு பேருக்குப் புண்ணு ஆறிப்போச்சாம்."

"காலு போன பதினொரு பேரு எங்க?"

"அந்த அம்பத்து மூணுக்குள்ளதான் சார் இருக்காங்க."

யுவனேஸ்வரன் காகிதத்தை வாங்கவில்லை. "படி" என்றார்.

கோமளா படித்தாள். "பதினேழாம் எண். ஆண். வயது ஐம்பத்தாறு. செம்பனைத் தொழிலாளி. பன்னிரண்டாம் வாரம், வலது பாதத்தில் புண் இல்லை. முழு குணம்."



பெரியதம்பி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க நன்றாக இல்லை.

"பதினேழு நாந்தான் தங்கச்சி. அவரு ஒண்ணும் பொய்யா எழுதல லா. பாதமே இல்ல... அப்புறம் புண்ணு எங்கேருந்து இருக்கும்?"

யுவனேஸ்வரன் வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். பதினாறு வருட போலீஸ் வேலையில் அழுகிய உடல்களைத் தூக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் துப்பியதில்லை. 

திரும்பி வந்தார்.

"அந்த டாக்டருக்குப் போன் போடு. அனுசியா விஷயமா பேசணும், பெம்பான் கிளினிக்ல ஒரு சம்பவம்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த சொல்லாத."

"சரி சார். மணி பதினொண்ணு. நேரத்தக் குறிச்சு வச்சுக்கிறேன்."

*

டாக்டர் அம்பிகைபாகன் கையில் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டி இருந்தது. அவர் முன்னால் கணினித் திரை முழுக்க ஒரு குதிகால் புண்ணின் படம். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடித்தார். விரலில் ஒட்டிய காயாவை நக்கினார். பிறகு கிருமிநாசினி போட்டுக் கையைத் துடைத்தார்.

"வாங்கோ இன்ஸ்பெக்டர், இருங்கோ. தே குடிக்கிறீங்களோ?"

"வேணாம் டாக்டர்."

"பாவம் பிள்ளை. நல்ல வேலைக்காரி. எப்ப செத்தவள்?"

கோமளா சட்டென்று நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

"அதத்தான் விசாரிக்கிறோம் டாக்டர். நீங்க இன்னிக்கு பெம்பானுக்குப் போனீங்களா?"

"நான் ஏன் அங்க போறன்? விடிஞ்சதிலிருந்து இந்தக் கதிரையிலதான். இண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி கடைசி. ஜர்னலின்ர சிறப்பிதழ். இது வந்தால் கோலாலம்பூரில பேராசிரியர் பதவி எனக்கு. ஒன்பது பத்துக்கு அனுப்பினனான். சந்தேகம் எண்டால் பாருங்கோ... நேரம் அடிச்சிருக்கு."

அச்சடித்த கட்டுரையை நீட்டினார். முதல் பக்கத்தின் அடியில் தேதி. காலை 9.10.

"யாரு உதவி பண்ணாங்க?"

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

"உதவியோ? டைப்பிஸ்ட்டைக்கூட தொட விடேல்ல. எழுதினது நான். வெப்சைட்டில ஏத்தினது நான். கமா வரைக்கும் என்ர."

"ஆனா ரெண்டு பேரு இருக்கே?"

"பேருக்குத்தான் ரெண்டு. ஆராய்ச்சியைப் பதியேக்க அவளையும் சேர்த்தாச்சு. பிறகு எடுக்கேலாது."

"நேத்து அவங்க உங்களோட சண்ட போட்டாங்களாமே."

"ஆர் சொன்னது? அந்த நொண்டியோ?" ரொட்டித் தட்டைத் தள்ளிவைத்தார். "இன்ஸ்பெக்டர், நான் சொல்லுறன், எழுதிக்கொள்ளுங்கோ. அவன்தான் செய்திருப்பான். கால் போன ஆத்திரம். எல்லாருக்கும் முன்னால அவளை ஏசினவன்."

"ஆனா அவரு முழு குணம்னு எழுதியிருக்கீங்களே டாக்டர். குணமானவருக்கு என்ன ஆத்திரம்?"

டாக்டர் புன்னகைத்தார். கறையே படாத புன்னகை.

"அது விஞ்ஞானம். உங்களுக்கு விளங்காது. நாங்கள் அளக்கிறது புண்ணை. காலை இல்லை."

யுவனேஸ்வரன் ஜன்னலைத் திறந்துவிட்டார். அறையில் வாசனைத் திரவியம்தான் மணத்தது. அவருக்கு என்னவோ வேறு நாற்றம் அடித்தது.

கோமளா முதல் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அனுசியா பேருக்குப் பக்கத்துல சிலுவை மாதிரி சின்னதா ஒண்ணு இருக்கே. அவங்க மாரியம்மன் கோயிலுக்குப் போற ஆளாச்சே?"

"ஐயோ பிள்ளை." டாக்டருக்குப் பாடம் எடுக்கும் குரல் வந்துவிட்டது. "சிலுவை இல்லை. குத்துவாள் அடையாளம். ஜர்னல்களில அப்பிடி ஒரு வழக்கம். கட்டுரை எழுதினவையில ஆரும் செத்திருந்தால் பேருக்குப் பக்கத்தில அதைப் போடோணும். கீழ விளக்கம் இருக்கு, வாசியும்."

கோமளா வாசித்தாள். "கட்டுரை அனுப்பப்படும் முன்பே காலமானார்."

"அதுதான்."

"இத எதுக்கு டாக்டர் போடணும்?"

"உயிரோட இருக்கிறவை எல்லாரும் கையெழுத்துப் போட்ட படிவம் இல்லாட்டி வெப்சைட் கட்டுரையை ஏற்காது. செத்தவைக்குக் கையெழுத்துத் தேவையில்லை. அந்த அடையாளத்தைப் போட்டால் காணும், அடுத்த பக்கத்துக்கு விட்டிடும்..."

டாக்டரின் குரல் நின்றது.

கை தன்னாலே ரொட்டியை எடுத்தது. பாதி வழியில் அதுவும் நின்றது.

யுவனேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லா வெளக்கினீங்க டாக்டர். எனக்கே புரிஞ்சிடுச்சு. பெரியதம்பி பூட்ட உடைச்சது ஒன்பது இருபத்தஞ்சுக்கு. நாங்க உங்களுக்குப் போன் போட்டது பதினொரு மணிக்கு. நீங்க ஒன்பது பத்துக்கே 'காலமானார்'னு போட்டுட்டீங்க. உங்களுக்கு யாரு சொன்னா?"

"அது... டைப்பிஸ்ட் பிழையா..."

"டைப்பிஸ்ட்டத் தொட விடல. கமா வரைக்கும் உங்களோடது."

ரொட்டி திரைக்கு முன்னால் விழுந்தது. காயா மேசையில் ஒழுகியது.

அப்போது கோமளாவின் போன் அடித்தது. எடுத்தாள். கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஆங்... நெசமாவா? பேசுறாங்களா? சரி சரி, சொல்லிடுறேன்." போனை இறக்கினாள். "சார், அனுசியா கண்ணு முழிச்சிட்டாங்க."

டாக்டர் எழுந்தே விட்டார்.

"ஆர்?"

"அனுசியா."

"அவள்... அவள் செத்தவள் எல்லோ?"

"அத நீங்கதான் சொல்லிக்கிட்டே இருக்கீங்க" என்றார் யுவனேஸ்வரன். "நாங்க ஒரு தடவகூட சொல்லலயே."

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார்.

"ரத்தத்துல சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்துச்சு. கையில புது ஊசித் தடம். இன்சுலினா இருக்கும்னு ஆஸ்பத்திரியில அப்பவே சொல்லிட்டாங்க. யாரு போட்டதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. என்ன சொல்றாங்க கோமளா?"

"எட்டு மணிக்கு இவரு பெம்பானுக்கு வந்தாராம் சார். 'நேத்து சண்டைய மறந்திரு, இது ஃப்ளூ ஊசி, ஸ்டாப்புக்கெல்லாம் போடணும்'னு இவரே போட்டுவிட்டாராம். அனுசியா காலையில ஒண்ணும் சாப்பிடல. தல சுத்துது டாக்டர்ன்னு சொல்லியிருக்காங்க. இவரு பூட்டிட்டுக் கெளம்பிட்டாராம்."

"பூட்டிட்டு பாச்சாங் வந்து, உட்காந்து, கட்டுரைய அனுப்பியிருக்காரு" என்றார் யுவனேஸ்வரன். ஒவ்வொரு சொல்லையும் வாயிலிருந்து கழிவைத் துப்புவதுபோல் துப்பினார். "சாகுற வரைக்கும்கூடக் காத்திருக்கல."

"ஆனால்... அந்த அளவு மருந்துக்கு ஆரும் பிழைக்கேலாது. கணக்குப் பார்த்துத்தான்..."

"எழுதிக்க கோமளா. கணக்குப் பார்த்தாராம்."

"எழுதிட்டேன் சார்."

"டாக்டர், உங்க கணக்குல ஒரு ஆள விட்டுட்டீங்க. பதினேழாம் நம்பரு. இருபது வருஷமா சர்க்கரை எறங்கி, வேர்த்து, மயங்கி விழுந்து எழுந்தவரு. அனுசியா நெத்தியத் தொட்ட ஒடனே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மேசமேல இருந்த டின் பால விரல்ல எடுத்து ஈறுல தடவித் தடவி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடல. நீங்க கால எடுத்துட்டீங்க. நல்லவேள, கைய விட்டு வச்சிருந்தீங்க."

கோமளா விலங்கை எடுத்தாள். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன் கிருமிநாசினிப் புட்டியைத் தேடினார்.

*

மூன்றாம் நாள். ஜாசின் போலீஸ் நிலையம்.

கம்பிக்குப் பின்னால் டாக்டர் அம்பிகைபாகன் தாடியோடு நின்றார். யுவனேஸ்வரனைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

அனுசியா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. காலிழந்த பதினொரு பேரைப் பற்றியும் கேட்கவில்லை.

"இன்ஸ்பெக்டர், ஜர்னலில இருந்து பதில் ஏதும் வந்ததோ?"

யுவனேஸ்வரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளங்காலில் ஏதோ ஒட்டிக்கொண்டதைப் பார்க்கும் பார்வை.

"வந்திருக்கு. கோமளா, படிச்சுக் காட்டு. எனக்கு வாய் கொப்பளிக்கணும்போல இருக்கு."

கோமளா காகிதத்தை விரித்தாள்.

"'மதிப்புக்குரிய டாக்டர். கட்டுரை வந்தவுடன் அதில் பெயர் உள்ள அனைவருக்கும் தகவல் அனுப்புவது எங்கள் நடைமுறை. காலமானார் என்று நீங்கள் குறிப்பிட்ட ஆசிரியர் எங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார். தாம் உயிருடன் இருப்பதாகவும், குணமானவர்களில் பதினொரு பேருக்குக் கால் இல்லை என்றும் தெரிவித்திருக்கிறார். நோட்டுப் புத்தகத்தின் படங்களையும் இணைத்திருக்கிறார். கட்டுரை நிறுத்திவைக்கப்படுகிறது. உங்கள் விளக்கத்தை முப்பது நாட்களுக்குள் அனுப்பவும்.'"

டாக்டர் கம்பியை இறுக்கிப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. இந்த மூன்று நாளில் முதல் தடவையாக.

"விளக்கம் எழுத முப்பது நாள் காணாதே..."

கோமளா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"கவலய விடுங்க டாக்டர். கோர்ட்டுல கூட்டிக் குடுப்பாங்க. இருபது வருஷம்."