கழிவில்லாச் சங்கிலி

இட்லியைத் தொட்டதும் தட்டு அதன் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கியது. "மூன்றாம் குவிமாடத்து அரிசி. பயணம் சொற்பம். புகை இல்லை." அடுத்தது சட்னி. தேங்காய் பூமியிலிருந்து ராக்கெட்டில் வந்தது. அதன் கணக்கைக் கேட்டால் சோறு இறங்காது. தட்டு முந்திக்கொள்வதற்குள் இளஞ்சேரன் சட்னியை வழித்து விழுங்கிவிட்டான்.

நிலாக் குடியேற்றத்தில் எல்லாப் பொருளிலும் தடச்சில்லு உண்டு. எங்கே பிறந்தது, யார் கைக்குப் போனது, எவ்வளவு புகையைக் கிளப்பியது என்று அது ஒப்பித்துக்கொண்டே இருக்கும். மூச்சுக் காற்றையும் அளந்து விடும் ஊரில் வேறு வழியில்லை.

"இன்னிக்கு மன்றத்துல என்ன சொல்லப் போற?"

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி வர்த்தினியைக் கேட்டான். பொருள்கள் வரும் வழியையும் போகும் வழியையும் ஆராய்வது அவள் வேலை. புதிதாக எதையும் கேட்காத, குப்பையே போடாத வழங்கல் சங்கிலி ஒன்றையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆய்வுத் துறையை மூடி, அடுத்த கப்பலில் அவளைப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். இளஞ்சேரனுக்கோ வேலை இங்கே, மூச்சுக் காற்று தயாரிக்கும் காற்றாலயத்தில். அவன் நிலாவில், இவள் பூமியில் என்று குடித்தனம் நடத்த முடியுமா?

ஆய்வகத்தில் கடைசி முயற்சியாக ஊரிலுள்ள சில்லுகளையெல்லாம் சலித்தாள். ஒரே ஒரு பொருள் மிஞ்சியது. முதல் கப்பலில் வந்தது. அன்றிலிருந்து வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாம் கால்நடையாகத்தான். தேய்மானம் இல்லை, பழுது இல்லை. பரிசுப் பொருளின் சில்லு மட்டும் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே நாகரிகம். அதனால் யாருக்கும் தெரியவில்லை. கருவிக்குத்தான் கோளாறு என்று நினைத்தபடியே சில்லு காட்டிய வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அடுத்த தெரு நாகலட்சுமி பீரோவைத் திறந்தாள். உள்ளே மடிப்புக் கலையாத ரவிக்கைத் துணி ஒன்று. கத்தரிப்பூவிலும் சேராத, பழுப்பிலும் சேராத நிறம்.

"இதுவா? போன வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்கோட வச்சுக் குடுத்தாங்க. இந்தக் கலருக்கு எந்தப் புடவை சேரும், சொல்லு? அடுத்த வாரம் நீ வந்தா உனக்கு வச்சுக் குடுக்கலாம்னு..." நாகலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சில்லின் பாதையில் வர்த்தினி பெயரே இரண்டு முறை இருந்தது. அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். பிழைத்தோம்!

மன்றத் தலைவர் அருள்ராஜ் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"யாரும் தைக்கல, யாரும் தூக்கிப் போடல. ஆனா எல்லார் வீட்டுக்கும் மரியாதை போய்ச் சேர்ந்திருக்கு. துறை இருக்கும்மா. நீயும் இருக்கே."

வர்த்தினியின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. பின்வரிசையில் இளஞ்சேரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இவ்வளவு நல்ல முறை ஒரே துணியோட நிக்கலாமா?" தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வீட்டுக்கு ஒண்ணு வேணும். பூமிக்குச் சொல்லித் தனி ராக்கெட்டுல வரவழைப்போம். ஒவ்வொண்ணுலயும் 'இயற்கையைக் காப்போம்'னு அச்சடிச்சு, தனித்தனிப் பையில!"

மன்றம் கைதட்டியது. ஒரு ராக்கெட் கக்கும் புகை எவ்வளவு என்பது வர்த்தினிக்கு மனப்பாடம். சொல்லத்தான் எழுந்தாள். திரும்பிப் பார்த்தால் இளஞ்சேரன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து மாதக்கணக்காகிறது.

"என்னம்மா, வேற ஏதாச்சும் சேர்க்கணுமா?"

"மேட்ச்சா லைனிங் துணியும் அனுப்பச் சொல்லிடுங்க சார்" என்றாள் வர்த்தினி.