கண்ணாடி மடி

“மடின்னா மாமன் மடி, பொறியாரே! கண்ணாடியில போய்...”

“அம்மா, கண்ணாடியை உடம்புச் சூட்டுக்கே ஏற்றித் தருகிறேன் என்றுதான்...”

“சூடேத்தினா அது மடி ஆயிடுமா?” என்று ஆள்பொறியை மடக்கினாள் அஞ்சுகம்.

செவ்வாய்க் கிரகத்தின் இரண்டு குடியிருப்புக் கூடுகளில் ஒன்றான வடகூட்டில் காதுகுத்து எப்போதும் அப்படித்தான். குழந்தையைக் கண்ணாடிச் சுவரோடு சேர்த்து உட்கார வைப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், தென்கூட்டில், தாய்மாமன் சம்மணம் போட்டு மடி காட்டுவார். இந்தப் பக்கம் தட்டான்பொறி ஊசி ஏற்றும்.

ஒரு கூட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் பங்காளிகள். அதனால் பெண் எடுப்பது எதிர்க் கூட்டில்தான். கல்யாணத்தன்று மணப்பெண் காற்றறை வழியாக ஒருமுறை கடந்து வருவாள், அதோடு சரி. அஞ்சுகமும் அப்படி வந்தவள்தான். இன்று அவள் குழந்தைக்குக் காதுகுத்து. அவளுடைய அண்ணன் அரங்கநாயகம் பட்டுவேட்டியும் சீர்த்தட்டுமாகக் கண்ணாடிக்கு அப்பால் நின்று தலையாட்டினார்.

“ஒரே கப்பல்ல வந்தோம். ஒரே பேச்சு, ஒரே சாமி. நாங்க ஒரு தேசம்!” என்றாள் அஞ்சுகம்.

“தேசம் எங்கள் பொறுப்பில் இல்லை அம்மா” என்றது ஆள்பொறி. கூட்டுக்கு ஒன்றாக இருந்த அந்த இயந்திரங்கள்தான் அங்கே அரசு. காற்று, தண்ணீர், காவல், வழக்கு எல்லாம் அவற்றின் கையில். “கப்பலிலிருந்து முதலில் இறங்கியது யார் என்று உங்கள் முன்னோர்களுக்குள் தகராறு. இரண்டு அரசு கேட்டார்கள், கொடுத்தோம். எல்லோரும் சம்மதித்தால் இன்றைக்கே ஒன்றாக்கிவிடலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இரண்டு கூட்டிலும் கேட்டார்கள். கை தூக்காதவர் இல்லை. கிழவர்கள் இரண்டு கையையும் தூக்கினார்கள். ஆள்பொறிகள் இரண்டும் ஒன்றாக ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடி மேலே ஏறியது.

அரங்கநாயகம் ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். சுவர் இருந்த இடத்தைத் தாண்டி உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தட்டான்பொறி ஊசியை நீட்டியது. அவர் மூக்கைச் சுளித்தார்.

“என்ன அஞ்சுகம், இங்க ஒரு வாடை? பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க பக்கம் வா. அங்க வச்சுக் குத்தலாம்.”

“எங்க காத்துக்கு என்ன குறைச்சல், அண்ணே?”

“‘எங்க’ காத்தா! நீ பொறந்தது எந்தக் காத்துல?”

“வாழ்றது இதுல. முதல்ல இறங்கினவங்க காத்து இது.”

“யாரு முதல்ல இறங்கினது? இன்னொரு தரம் சொல்லு!”

அண்ணனுக்குப் பின்னால் தென்கூட்டார் நெருங்கி நின்றார்கள். வடகூட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“காற்று கலந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே காற்றுதான்” என்று ஆள்பொறி சமாதானம் சொன்னது. அதைக் கேட்டதும் தென்கூட்டாரும் மூக்கைப் பொத்தினார்கள்.

அரங்கநாயகம் குழந்தையைத் தங்கையின் கையில் திணித்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். யார் சீர்த்தட்டை மிதித்தது என்று தெரியவில்லை. தேங்காய் உருண்டு ஓடியது. குத்தாத காதோடு குழந்தை வீறிட்டது. ஊசி அந்தரத்தில் நின்றது.

அஞ்சுகம் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஆள்பொறியைப் பார்த்துச் சொன்னாள்:

“பொறியாரே, அரசு ஒண்ணாவே இருந்துட்டுப் போகட்டும். இந்தக் கூட்டத்துல யாரு எங்க ஆளுங்க, யாரு வந்தேறிங்கன்னு மட்டும் பிரிச்சுச் சொல்லிடுங்க.”