காளிமுத்துவின் பீங்கான்

இந்தக் காலத்துல ஒருத்தனையும் நம்ப ஏலாது. நேத்து செஞ்ச பீங்கான் தட்டைத் தேயிலைச் சாயத்துல ஊறப்போட்டு, பழைய பிரான்ஸ் சாமான் எண்டு விக்கிறானுகள். அதையும் சிரிச்சுக்கிட்டே விக்கிறானுகள். அலுமாரியைத் திறந்ததும் லாபிருக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. பேரிக்காய்ப் பீங்கானில் பேரிக்காயைக் காணவில்லை.

எவனோ பிரான்ஸ்காரன் கையால் தீட்டிய மஞ்சள் பேரிக்காய். அவர் தேடித் தேடிச் சேர்த்த பழஞ்சாமான்களில் முதல் சாமான். இப்போது வெறும் வெள்ளை. காம்பு மட்டும் மிச்சம்.

"கைரியா, இதைத் தேச்சுக் கழுவினியா?"

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாவி ஒங்கட இடுப்புலதானே ஈக்குது. என்னையே நம்பாத மனிசன், என்னட்டயே கேக்கிறீங்க."

அஸர் தொழுகைக்குப் பிறகு பிடித்த மழை அலவத்துகொட ஊரின் தகரக் கூரைகளையெல்லாம் அடித்து, பாக்கு மரங்களை வளைத்து, வீட்டுக்குள் சாயங்கால இருட்டை முன்கூட்டியே கொண்டுவந்து விட்டிருந்தது. அந்த ஈர வாடைக்கு நடுவே அலுமாரிக்குள்ளிருந்து சாம்பிராணியும் வாழைப்பழமும் ஆறிப்போன சோறும் சேர்ந்து மணத்தன. அந்த மணம் அவருக்குத் தெரியும்.

முந்தாநாள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்ட லயத்தில் வேலாயி தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். உள்ளே அவள் புருஷன் காளிமுத்துவுக்குத் தெவசப் படையல். செத்தவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டார் வெளியே நிற்பது அவர்கள் வழக்கம். துரை பங்களாவில் ஆயுசு முழுக்கப் பீங்கான் கழுவியவன் காளிமுத்து. அவனை அதில் ஒரு வாய் தின்ன விட்டதில்லை. துரைசாணி போகும்போது கொடுத்த ஒரேயொரு பீங்கான், நீல விளிம்பும் வெறும் நடுவுமாக, அவன் செத்த பிறகுதான் சோறு கண்டது.

"கதவத் தொறக்காதீங்க மொதலாளி. அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"மௌத்தானவன் சாப்பிடுறதா? வேன்காரன் காத்துக்கிட்டு நிக்கிறான், தள்ளு கெழவி."

லாபிர் கதவைத் தள்ளி உள்ளே போய், படையல் சோற்றை எடுத்து நாய்க்குக் கொட்டினார். புது பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்துவிட்டுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலாயி அழவில்லை.

"பாதியில எழுப்பிட்டீங்க. இனி அவருக்கு ஒங்க வீட்டுலதான் சாப்பாடு."

இப்போது லாபிர் அலுமாரியை மறுபடி பூட்டினார். உள்ளே சத்தம். நகம் பீங்கானைச் சுரண்டியது. குழம்பை வழித்து நக்கும்போது விரல் போகுமே, அப்படி. பிறகு ஒரு உறிஞ்சல்.

எலி.

திறந்தார். மீன் பீங்கானில் முள் மட்டும். திராட்சை இல்லை. சேவல் இல்லை, கொண்டை கிடந்தது. தொட்டார். ஈரம். கொழகொழவென்று எச்சில்.

அடுத்தது வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை.

காளிமுத்துவின் பீங்கானில் மட்டும் நடுவில் படம் இருந்தது. வெள்ளைத் தொப்பி. நீளக் கைச் சட்டை. கட்டம் போட்ட சாரம். இடுப்பில் அவருடைய அதே சாவி. சாயம் காயவில்லை.

படத்தில் இடது கை மணிக்கட்டோடு நின்றது.

அவருடைய இடது விரல்களில் உணர்வில்லை. குனிந்து பார்க்கவில்லை. மழைக் குளிர். மரத்துப் போயிருக்கும்.

"போலிச் சாமான்," என்றார். "மட்டமான சாயம். ஏமாத்திட்டானுகள்."

வலது கையால் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு நடந்தார். முதுகுக்குப் பின்னால் நகம் மறுபடி வழிக்கத் தொடங்கியது. அவசரமில்லாமல்.

"இஞ்ச பாருங்க, ஒங்கட கை..." கைரியா அலறினாள்.

"கத்தாத. எலிதான்."

மழைக்குள் இறங்கினார். இடப்பக்கச் சட்டைக் கை தோளிலிருந்து தட்டையாகத் தொங்கி, நனைந்து, நடக்க நடக்கத் தொடையில் அடித்தது.