வடக்கு மூலையில் தோண்டாதீர்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

நிலவறைச் சுவரில் தொங்கிய போன் அலறியது. கையிலிருந்த வரைபடச் சுருளைப் போட்டுவிட்டு ஓடிப் போய் எடுத்தாள் அவள்.

"ஹலோ..."

"நான்தாம்மா, இன்ஜினியர் பேசறேன். வரைபட ரூம்லதான் இருக்கியா?"

"ஆமா சார். நீங்க கேட்ட பூங்கா வரைபடத்தைத்தான் தேடிட்டு இருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான் சார்."

"நல்லதாப் போச்சு."

லைன் கட்!

பத்தே விநாடி. கதவு திறந்தது. செல்போனைக் கையில் பிடித்தபடியே இன்ஜினியர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்!

"சார்... எதுக்கு பூட்டறீங்க?"

"பேசணும்."

நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, அதுவும் இரும்பு. கூரையை ஒட்டி, தெரு மட்டத்தில் கையகல வலைக்கம்பி. அதில் முகம் தெரியாது. போகிறவர் வருகிறவரின் செருப்புதான் தெரியும். பகல் பதினோரு மணிக்கும் ட்யூப்லைட் எரிந்தால்தான் வெளிச்சம்.

நகரத் திட்ட அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சிவப்பு மை'. யார் எழுதிய கடிதம் கண்ணில் பட்டாலும் சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்தாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதனாலேயே ஒரு வேலை அவள் தலையில் விழுந்தது.

ஆற்றங்கரையில் புதுப் பூங்கா வரப்போகிறது. அதன் வடக்கு மூலையில் நீரூற்று என்பது திட்டம். என்னென்ன வேண்டும் என்று ஊர் ஜனங்களிடம் கருத்துச் சீட்டு கேட்டிருந்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் வந்து குவிந்தது. ஊஞ்சல் வேண்டும். நிழல் வேண்டும். காதலர்களை விரட்ட ஆள் போடுங்கள். காதலர்களுக்கு இன்னும் நாலு பெஞ்ச் போடுங்கள். அத்தனையையும் படித்து எண்ணிக்கை போட்டவள் சிவப்பு மைதான்.

இன்ஜினியர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வீசினார்.

"உன் மேஜையில இருந்துச்சு. இது என்ன?"



"ஜ... ஜனங்க எழுதின சீட்டு சார்..."

"அது எனக்கும் தெரியும். இந்தச் சிவப்பு வட்டம் எதுக்குன்னு கேக்கறேன்!"

இருபத்தொன்பது சீட்டுகள். இருபத்தொன்பது பெயர்கள். ஐந்து நிற மை. ஒரு கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்தது, ஒன்று வலப்பக்கம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்...

'ஆற்றங்கறையின் வடக்கு மூலையில் நீரூற்று வேண்டாம். அங்கே தோண்டாதீர்!'

கரை எல்லாமே கறை! இருபத்தொன்பதிலும் வல்லின ற. இருபத்தொன்பதிலும் சிவப்பு வட்டம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் பேனாவால் கெட்டாள்.

"மூணு வருஷமா என் லெட்டரைத் திருத்தறே. இந்த ஆபீஸ்ல அந்தத் தப்பைப் பண்ற ஒரே ஆளு யாருன்னு உனக்குத் தெரியும். சொல்லு... வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் வாயைத் திறக்கல சார்... சத்தியமா!"

"ஏன் இருபத்தொன்பதுன்னு கேக்கலியே?"

"விதி தெரியும் சார். முப்பது எதிர்ப்பு வந்துட்டா, வெளியாளுங்க வந்து அந்த இடத்தைத் தோண்டி மண் பரிசோதனை பண்ணியே ஆகணும். அதுக்குக் கீழேன்னா, ஜனங்க விரும்பலன்னு சொல்லி நீங்களே நீரூற்றை இடம் மாத்திடலாம்."

"கெட்டிக்காரி!"

"அங்க... அப்படி என்ன சார் இருக்கு?"

இன்ஜினியர் சிரித்தார்.

"என்ன இருக்குன்னு கேக்காதே. யாரு இருக்காங்கன்னு கேளு."



அவள் கணவன் சர்வேயர். மூன்று வருடத்துக்கு முன்னால், ஆற்றோர நிலத்தை அளக்கப் போன இடத்திலிருந்து காணாமல் போனான். எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றது ஊர். அவளும் நம்பினாள். கல்யாண போட்டோவில் அவன் பாதியைக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள்.

"என் மச்சான் கட்டின பங்களா, ஆத்து நிலத்துக்குள்ள எட்டடி வந்திருக்குன்னு ரிப்போர்ட் எழுதினான் உன் புருஷன். மாத்திக் குடுடான்னு கெஞ்சினேன். கேக்கல. பிடிச்சுத் தள்ளினேன்... கல்லுல தலை பட்டு..."

"அய்யோ!"

"எவளோடயோ ஓடிட்டான்னு கிளப்பி விட்டதும் நான்தான். பாவம் பார்த்து உனக்கு வேலை போட்டுக் குடுத்ததும் நான்தான். நன்றி இருக்கா உனக்கு?"

இனி இவனுக்கு என்ன 'ர்' விகுதி, என்ன மரியாதை!

அவளுக்கு அழுகை முட்டியது. கணவன் ஓடவில்லை! மூன்று வருடமும் காலையில் எழுந்ததும் யாரைத் திட்டினாளோ, அவன் அவளை விட்டுப் போகவே இல்லை. அது சந்தோஷமா, துக்கமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

இன்ஜினியர் லைட்டரை எடுத்தான்.

"பழைய கட்டடம். பழைய ஒயரிங். ரூம் முழுக்கக் காகிதம். உள்ளே ஒரு பொம்பள மாட்டிக்கிட்டான்னா, நாளைக்கு நானே மாலை வாங்கிட்டு வருவேன்!"

அவள் வலைக்கம்பிக்குப் பாய்ந்தாள்.

"யாராவது வாங்களேன்... காப்பாத்துங்க!"

ஒரு ஜோடி செருப்பு கடந்து போனது. ஒரு ஜோடி ஷூ கடந்து போனது. மாடியில் மக்கள் கருத்துக் கூட்டம். ஒலிபெருக்கியில் யாரோ 'ஊஞ்சலுக்கு வயசு வரம்பு வைக்கணும்!' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அதில் அவள் குரல் எங்கே எடுபடும்?

கதவை உலுக்கினாள். இரும்பு அசையவில்லை.

க்ளிக்! முதல் சீட்டு பற்றிக்கொண்டது.

அவள் கதவில் சாய்ந்து, மூச்சு வாங்க, அவனையே பார்த்தாள்.

"எரிங்க சார்... எண்ணிக்கை நேத்து சாயந்தரமே தலைமை ஆபீசுக்குப் போயிடுச்சு."

"போகட்டுமே! இருபத்தொன்பதுதானே?"

"முப்பது சார்."

லைட்டர் அணைந்தது. எரிந்த சீட்டு தரையில் விழுந்தது.

"பொய்! நான் எழுதினது..."

"இருபத்தொன்பது. முப்பதாவது என்னுது. பேரு, விலாசம், கையெழுத்து எல்லாம் அசல். நானும் இந்த ஊர்ல குடியிருக்கறவதானே? எனக்கும் ஒரு கருத்து இருக்கக்கூடாதா?"

"அடிப்பாவி..."

"கூடவே உங்க சீட்டுக்கெல்லாம் ஜெராக்ஸ். உங்க பழைய லெட்டர் ஒண்ணுக்கும் ஜெராக்ஸ், வட்டம் போட்டு. நிலத்துல ஏதோ தில்லுமுல்லுன்னுதான் சார் நினைச்சேன்... என் புருஷன் இருப்பார்னு சத்தியமா நினைக்கல."

தரையில் எரிந்த சீட்டைப் போய் மிதித்து அணைத்தாள்.

ட்ரிங்... ட்ரிங்!

இன்ஜினியர் பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினான். மறுமுனையில் பூங்கா வேலை மேஸ்திரி, பதறிப் போய்.

"சார்! உங்க செல் கிடைக்கல, அதான் ஆபீஸ்ல கேட்டு இந்த போனுக்குப் போட்டேன். பாலத்துக்கு மண் பார்க்க வந்த ஆளுங்களைக் காலையில தலைமை ஆபீஸ்லேர்ந்து வடக்கு மூலைக்குத் திருப்பி விட்டாங்க. அஞ்சடியில எலும்பு சார்! பக்கத்துல நிலம் அளக்கற சங்கிலி! போலீஸ் உங்களைத் தேடி அங்கதான் வந்திட்டு இருக்கு..."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். தட்... தட்... தட்!

"போலீஸ்! கதவைத் திற!"

இன்ஜினியர் நாலா பக்கமும் பார்த்தான். ஜன்னல் இல்லை. ஒரே கதவு. வலைக்கம்பியில் அவன் கைகூட நுழையாது. சாவி அவன் பாக்கெட்டிலேயே இருந்தும், பொறியில் சிக்கிய எலி இப்போது அவன்தான்!

அவனே பூட்டைத் திறந்தான்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கருகிய சீட்டைப் பார்த்தார். லைட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா... அந்தச் சங்கிலியை நீங்க வந்து அடையாளம் காட்டணும்."

"வர்றேன் சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் எங்கயும் ஓடிப் போகல. அதை முதல்ல எழுதிக்குங்க."

"எழுதிடலாம்மா."

இன்ஜினியர் திக்கினான்.

"இன்ஸ்பெக்டர்... நா... நான் என் பக்கத்தைச் சொல்லணும்..."

இன்ஸ்பெக்டர் அவன் கையில் விலங்கை மாட்டினார்.

"தாராளமா! ஸ்டேஷன்ல பேப்பரும் பேனாவும் தர்றேன். இருபத்தொன்பது எல்லாம் வேணாம் சார், ஒண்ணு எழுதினாப் போதும்... பேரு மட்டும் உங்க பேராவே போடுங்க!"