எழுநூற்று இருபத்தொன்பதில் ஒன்று

வழக்கறிஞர் நீலோ சுமகைசாய் கொண்டுவந்த காகிதத்தின் சாரம் நாலே வரி. மாலை ஷிப்ட் நர்ஸ் லூஸ்மிண்டா வேலைக்கு வந்த நாட்களில், ஓராண்டில், இலவச வார்டில் பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் அவள் ஷிப்டில். ஒரு நாளுக்கு மூன்று ஷிப்ட். இது தற்செயலாக நடக்க எழுநூற்று இருபத்தொன்பதில் ஒரு வாய்ப்புதான். கீழே மருத்துவமனை இயக்குநர் டாக்டர் பஸ்கோனின் கையெழுத்து.

இதை நம்பி அவளைக் காவலில் வைத்து ஒன்பது நாளாகிறது. திங்கட்கிழமை கொலைக் குற்றம் பதிவாகும். பதிவானால் ஜாமீன் கிடையாது.

ரெமெடியோஸ் பகுன்சான் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். இருபத்தாறு வருடம் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில், யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டவள். இப்போது வக்கீல்களுக்குத் துப்பறிந்து கொடுத்துப் பிழைக்கிறாள்.

"கணக்கு தப்புன்னு மட்டும் சொல்லுங்க மனாங். மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்றான் லூஸ்மிண்டாவின் வக்கீல் நீலோ; மனாங் என்றால் அக்கா.

அவள் பென்சிலை எடுத்துப் பின்பக்கத்தில் பெருக்கினாள். "கணக்கு சரி."

பத்சோய் சூப்புக் கிண்ணத்துக்குள் போன நீலோவின் கரண்டி அங்கேயே நின்றது. "அப்போ அவதான் கொன்னாளா?"

"தற்செயல் இல்லைன்னு இதுல இருக்கு. கொலைன்னு எங்க இருக்கு? ரெண்டுக்கும் நடுவுல நிறைய இடம் கிடக்கு, அட்டர்னி. சூப்பு ஆறுது, குடிங்க. அவளைப் பார்த்துட்டு வருவோம்."

காவல் அறையில் லூஸ்மிண்டா அழவில்லை. அழுது முடித்தவளைப் போல இருந்தாள்.

"ஆறு மாசமா கேலி பண்ணாங்க மேடம். உனக்குப் பின்னாடி மச்சம் இருக்குடி, அது இருந்தா சாவு கூடவே வரும், ராசி கெட்டவளே, நீ உள்ள வந்தா ஒருத்தன் வெளிய போறான்னு. காலை ஷிப்ட் நெனீத்தாதான் ஆரம்பிச்சா. நானும் சேர்ந்து சிரிச்சேன். ஒருநாள் போலீஸ்காரங்க வந்து அதையே சிரிக்காம சொன்னாங்க."

"சாகும்போது பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டாள் ரெமெடியோஸ்.

"ரெண்டு பேருக்கு இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டேன். மத்தவங்க, நான் கட்டில்கிட்ட போறப்பவே போயிருந்தாங்க. டியூட்டி டாக்டர் வந்து நேரம் எழுதுவார். அப்புறம் துடைச்சு, வாயை மூடித் தாடையைக் கட்டுறது என் வேலை. அவங்க வாய் மூடாது. இறுகிப் போயிருக்கும்."

நீலோ சுவரைப் பார்த்தான்.

"ஷிப்ட் மாறும்போது ரெண்டு பேரும் கட்டில் கட்டிலா போய்ப் பார்க்க மாட்டீங்களா?"

"பார்க்கணும்னுதான் விதி. நெனீத்தா மேசையிலேயே ஏட்டைக் கொடுத்துட்டு ஜீப்னி வண்டியைப் பிடிக்க ஓடிடுவா."

வெளியே வந்ததும் ரெமெடியோஸ் மூன்று ஏடுகள் கேட்டாள். சாவு நேரம் எழுதியது, வார்டில் ரத்த அழுத்தம் குறித்தது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடத்தில் இருக்கும் கட்டண வார்டுடையது. மூன்றாவது எதற்கு என்று நீலோவுக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "நர்ஸுங்க கையெழுத்து எனக்குப் பிடிக்கும்" என்றாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இயக்குநரின் அறையில் கூடினார்கள். டாக்டர் பஸ்கோன், அரசு வக்கீல், நெனீத்தா. நெனீத்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒம்பது சாவுல ஏழு, ரெண்டு மணி அஞ்சுக்கும் ரெண்டு நாற்பதுக்கும் நடுவுல" என்று ரெமெடியோஸ் தொடங்கினாள். "ஷிப்ட் ஆரம்பிக்கிறதே ரெண்டு மணிக்கு. மீதி ஏழு மணி நேரத்துக்கும் மேல, ரெண்டே சாவு. பையைக் கீழ வைக்கிறதுக்குள்ள கொல்லுற கொலைகாரியை நான் பார்த்ததில்ல."

"ஆள் மாறுற பரபரப்பு" என்றார் டாக்டர். "யாரும் கவனிக்க மாட்டாங்க. கெட்டிக்காரி அந்த நேரத்தைத்தான் எடுப்பா."

"எடுக்கட்டும். செத்து அரை மணியில தாடை இறுகுமா டாக்டர்? ரெண்டு மணி நேரமாவது வேணும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? ஏட்டுல இருக்குறது செத்த நேரம் இல்ல. கண்டுபிடிச்ச நேரம்."

நீலோ எழுந்தே விட்டான். "அப்போ காலை ஷிப்ட்! அந்த ஏழும், அங்க முன்னாடியே எழுதின ஒண்ணும், மொத்தம் எட்டு! இவதான்…"

"உட்காருங்க அட்டர்னி. டாக்டர் பண்ணின தப்பையே நீங்களும் பண்றீங்க."

அவள் இரண்டாவது ஏட்டைப் பிரித்தாள். "மாலையில ஒருத்தருக்கு ரத்த அழுத்தம் 143, 91. அடுத்தவருக்கு 96, 58. உண்மையா அளந்தா எண் இப்படித்தான் கோணல்மாணலா வரும். சாகக் கிடந்த அந்த ஏழு பேருக்கும், பன்னிரண்டு மணிக்கு, 120, 80. எனக்கே அப்படி இல்ல. அளக்காம எழுதினது." மூன்றாவது ஏட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். "அதே ஏழு நாள். அதே பன்னிரண்டு மணி. கட்டண வார்டு. அதே கையெழுத்து. நெனீத்தா, நீ ஒரே நேரத்துல ரெண்டு கட்டடத்துல எப்படிம்மா இருந்த?"

நெனீத்தா டாக்டரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"நானா போனேன்? தினமும் பத்து மணிக்கு டாக்டரே ஆள் அனுப்புவார். காசு கொடுக்குறவங்க மணி அடிச்சா ஓடணும்ல? இங்க முப்பத்தொரு கட்டில், முன்ன ரெண்டு பேர், இப்போ ஆள் நான் ஒருத்தி. நானும் போனா யாருமே இல்ல. திரும்பி வந்தா உள்ள போகவே பயம். யாரு கிடக்காங்களோன்னு. அதான் ஏட்டைக் கொடுத்துட்டு ஓடினேன்."

"அதான் மச்சம்னு கதை கட்டினியா?" என்றான் நீலோ.



"ஆளை அங்க அனுப்பினது யோசிக்காம எடுத்த முடிவு இல்ல" என்றார் டாக்டர். குரலில் கோபம்கூட இல்லை. "ஆளைக் குறைக்கிறதுக்கு முன்ன, போன வருஷம், காலையில ஒரே சாவு. ஆபத்து குறைஞ்ச நேரம் அதுதான். எங்க ஆபத்து கம்மியோ அங்கேர்ந்துதான் ஆளை எடுக்க முடியும்."

"ஒரு வருஷத்து ஒரு எண். அதுவும் ரெண்டு நர்ஸ் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தப்போ வந்த எண். ஆபத்து கம்மியா இருந்ததே அவங்க நின்னதாலதான். அவங்களை எடுத்துட்டு அந்த எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டீங்க."

அரசு வக்கீல் பேனாவை மூடினார். லூஸ்மிண்டாவை அன்று மாலையே விட்டுவிடலாம் என்றார். நீலோவுக்கு அந்த நொடியில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அந்த எட்டு பேரும்" என்றாள் நெனீத்தா, யாரையும் பார்க்காமல். "நான் இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

"எல்லாரும் இல்ல. ஆள் நின்னு பார்த்தும் மாலையில ரெண்டு, ராத்திரியில ஒண்ணு. அப்போ காலைக்கும் ஒண்ணு ரெண்டு எப்படியும் வந்திருக்கும். மீதி ஆறு பேர், முன்ன பின்ன இருக்கலாம், யாராவது எட்டிப் பார்த்திருந்தா இருந்திருப்பாங்க."

"எந்த ஆறு?"

ரெமெடியோஸ் ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எத்தனைன்னு சொல்லும். யாருன்னு எந்தக் கணக்கும் சொல்லாது."

"ஒருத்தரையாவது சொல்லுங்க மேடம். இவர் சாவு என்னால இல்லன்னு, ஒரே ஒருத்தரை."

ரெமெடியோஸ் ஏடுகளை மறுபடி மேசையில் வைத்தாள். நெனீத்தா எட்டு பேரின் பெயர்களையும் ஏட்டைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அரசு வக்கீல் பேனாவை மறுபடி திறந்து எழுதிக்கொண்டார்.