பட்டியலில் ஐந்தாவது பெயர்

சவூதியில் வேலை பார்க்கும் வாப்பாவுக்கு பர்ஹத் ஒரு கடிதம் எழுதினாள். தினமும் போனில் பேசுகிறாளே என்று கேட்காதீர்கள். போனில் பேசும்போது பக்கத்தில் உம்மா இருப்பார், தம்பி இருப்பான். சில விஷயங்களைக் கூட்டத்தில் சொல்ல முடியாது.

சங்கரன்கோவிலிலிருந்து யார் சவூதிக்குப் போனாலும், அக்கம்பக்கத்து வீட்டுப் பார்சல்களும் அவர் பெட்டியில் ஏறிவிடும். எது யாருக்கு என்று குழம்பாமலிருக்க, கல்லூரியில் படிக்கும் ரிஸ்வான் அண்ணன் ஒரு செயலி செய்திருந்தான். பார்சலைப் பதிந்து, பட்டியலில் பெயரைத் தொட்டால் போதும். பர்ஹத் வாப்பாவின் பெயரைத் தொட்டாள். கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்துக்குள் கடிதத்தை ஒளித்து வைத்தாள்.

பத்து நாள் ஆயிற்று. வாப்பா மழையைப் பற்றிக் கேட்டார், பரீட்சையைப் பற்றிக் கேட்டார். கடிதத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பர்ஹத் ஓடினாள். ஏங்கி ஏங்கிச் சோறுகூட இறங்கவில்லை.

பதினோராம் நாள் புதுக்குரல் ஒன்று பேசியது.

"பாப்பா, நான் சவூதியில இருந்து தங்கப்பழம் பேசுதேன். ஒன் பார்சல் எனக்கு வந்துட்டு. கவர்ல இந்த நம்பர் இருந்துச்சு. 'அன்புள்ள வாப்பா'ன்னு பாத்ததும் மடிச்சு வச்சிட்டேன். வேற எதையும் படிக்கல."

"மிட்டாய் இருக்கா மாமா?"

அவர் தயங்கினார். "அது லெட்டரப் பாக்குறதுக்கு முன்னாலயே தீந்துட்டு மக்கா. நான் பாலைவனத்துல வேலைக்கு வந்துட்டேன். ஒங்க வாப்பாவப் பாக்க ரெண்டு மாசம் ஆவும்."

பர்ஹத் ரிஸ்வானிடம் ஓடினாள்.

"நீ தப்பாத் தொட்டிருப்ப, ஏட்டி."

"எங்க வாப்பா பேரை நான் தப்பாத் தொடுவனா?"

ரிஸ்வான் லேப்டாப்பைத் திறந்தான். "நீ தொட்ட அன்னைக்கு ஒங்க வாப்பா பேரு அஞ்சாவது. பார்சல்ல அஞ்சுன்னுதான் பதிஞ்சிருக்கு."

"தங்கப்பழம் மாமா?"

"அன்னைக்கு ஆறாவது."

"அதுக்குப் பெறவு யாரு பேரையாவது எடுத்தியா?"

"முதல் பேரு இசக்கித்துரை அண்ணாச்சி. ஊருக்கே திரும்பி வந்துட்டாருன்னு மறுநாள் நாந்தான் அவரு பேரை எடுத்தேன்…" ரிஸ்வான் பாதியில் நிறுத்தினான். ஒருவர் போனதும் எல்லாரும் ஓரிடம் மேலே ஏறிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்குத் தங்கப்பழம் வந்துவிட்டார்.

"எங்க கிளாஸ்லயும் இப்படித்தான்," என்றாள் பர்ஹத். "லிங்கேஷ் டிசி வாங்கிட்டுப் போனதும் எல்லாருக்கும் ரோல் நம்பர் மாறிட்டு. அரசாங்கம் குடுத்த எமிஸ் நம்பர் மட்டும் மாறல. அது இடத்துக்கு உள்ளது இல்ல, ஆளுக்கு உள்ளது."

ரிஸ்வான் தலையைச் சொறிந்தான். "இதைத்தான் எங்க சார் ஒரு செமஸ்டர் பூரா சொன்னாரு."

அன்று மாலையே ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்தான். பார்சலில் இனி அந்த எண்தான் பதியும். பர்ஹத் ஒரு நகல் பட்டியலில் வாப்பாவைத் தொட்டுவிட்டு, வேண்டுமென்றே மேலே இருந்த மூன்று பெயர்களையும் நீக்கிப் பார்த்தாள். வாப்பா வாப்பாவாகவே இருந்தார்.

வியாழக்கிழமை ஷேக் ஃபரீத் மாமா சவூதிக்குக் கிளம்பினார். பர்ஹத் மறுபடியும் கடிதம் எழுதினாள். தங்கப்பழம் மாமாவுக்கும் ஒரு பொட்டலம் மிட்டாய் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாப்பா கூப்பிட்டார். "போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போம்மா."

பர்ஹத் போனாள்.

"லெட்டர் வந்துச்சு. நான் கெளம்புன அன்னைக்கு நீ தூங்கலையாமே? அழுதுருவேன்னு கண்ணை மூடிக்கிட்டியாமே?"

"ஸலாம்கூடச் சொல்லல வாப்பா."

"ஒன் இமை துடிச்சதைப் பாத்தேன். எழுப்புனா நான் அழுதுருவேன்னுதான் எழுப்பாமப் போயிட்டேன்."

பர்ஹத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அன்று சொல்லாத ஸலாமைச் சொன்னாள்.