கொன்னுபோடுவேனுங்க வக்கீலம்மா

டெலிபோன் அலறியது.

கோபாலபுரம். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி அறை. வக்கீல் பிரவீனா வாய் வரைக்கும் கொண்டுபோன இட்லியைத் தட்டில் போட்டுவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"வக்கீலம்மாங்களா? வணக்கமுங்க. சாப்டாச்சுங்களா?"

கரகரத்த ஆண் குரல். வாயில் துணியை வைத்துப் பேசுவது போல ஓர் அமுக்கம்.

"சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். யாருங்க பேசறது?"

"உங்களைக் கொலை பண்ணப்போறவனுங்க."

பிரவீனாவின் முதுகில் ஐஸ் தண்ணீர் இறங்கியது.

"எ... என்னது?"

"மொதல்ல சாப்ட்டு முடிங்க. நான் வேணா அப்புறமாக் கூப்புடட்டுங்களா?"

"இல்லை... சொல்லுங்க."

"நாளைக்கு நஞ்சுண்டன் கேசுல ரசாக் பாய் சாட்சி சொல்ல வாராருங்கல்லோ? அவரைக் கூண்டுல ஏத்தக்கூடாதுங்க. ஏத்துனீங்கன்னா உங்களைக் கொன்னுபோடுவேனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"யோவ், யாருய்யா நீ?"

"மரியாதையாப் பேசுங்க. நான் பேசறேனில்லீங்களா?"

க்ளிக்.

டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து ஃபஹீமா தலையைத் தூக்கினாள். பிரவீனாவின் டைப்பிஸ்ட், குமாஸ்தா, காபி வாங்கி வருபவள் எல்லாம் அவள்தான்.

"யாரு மேடம்?"

"கொலைகாரன்."

"எந்தக் கேசுல?"

"என் கேசுல."

பிரவீனா தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

நஞ்சுண்டனின் கேஸ் சாதாரணமானதுதான். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர். போன புரட்டாசி சனிக்கிழமை காரமடை ரங்கநாதரைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், திருச்சி ரோட்டில் சாலையைக் கடந்தார். சிவப்பு மாருதி ஒன்று ராக்கெட் மாதிரி வந்து அவரைத் தூக்கி எறிந்தது. வலது கால் எலும்பு மூன்று துண்டு.

கார் தீபக்குடையது. நூற்பாலை முதலாளியின் ஒரே மகன். கண்ணாடியெல்லாம் கறுப்பு ஃபிலிம். ஓட்டியவன் முகம் வெளியே தெரிய வழியே இல்லை. அவனோ, 'அன்னிக்கு நானும் காரும் வால்பாறை எஸ்டேட்ல இருந்தோம், நம்பரைத் தப்பாப் பாத்திருக்காங்க' என்று சாதித்தான்.

முகத்தைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். ரோட்டோரம் ஹோட்டல் வைத்திருக்கும் ரசாக் பாய். அடிபட்ட நஞ்சுண்டனின் கையிலிருந்த பிரசாதப் பொட்டலம் பறந்துபோய்க் காரின் முன்கண்ணாடியில் விழ, அதைத் துடைக்க தீபக் கீழே இறங்கியிருக்கிறான்.

ரசாக் வாய் திறந்தால் நஷ்டஈடு. திறக்காவிட்டால் நாமம்.

"தீபக் வேலைதான் மேடம்," என்றாள் ஃபஹீமா.

"அவன் இவ்வளவு மரியாதையாப் பேசமாட்டானே..."

* * *

சாயங்காலம் நஞ்சுண்டன் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மாடி ஏறி வந்தார். பின்னால் மனைவி ராசாத்தாள். விஷயத்தைக் கேட்டதும் நஞ்சுண்டன் வெலவெலத்துப் போனார்.

"அம்மணி, ரசாக் பாயை விட்டுப்போடலாமுங்க. பாவம், குடும்பஸ்தன். எங்காலு போனாப் போகுது. உங்க உசுரு முக்கியமுங்க."

பிரவீனாவுக்கு மனசு நெகிழ்ந்தது. எத்தனை நல்ல மனிதர்.

ராசாத்தாள் நெகிழவில்லை.

"எப்படி விடறது? ஒரு மனுசனை இடிச்சுப்போட்டு, ஏன் என்னன்னு கேக்காமப் போயிருக்கறான். இவரு படுத்த படுக்கையாக் கெடந்தப்ப தீவன மூட்டையெல்லாம் நானே சொமந்தேன் கண்ணு. முதுகு இன்னும் நிமுரல. போன வருசம் இவருக்கு நெஞ்சு வலி வந்ததுக்கே, ரெண்டு பேரும் ஒரு வருசம் கறி தொடமாட்டோம்னு ரங்கநாதருக்கு வேண்டிக்கிட்டவ நானு. அந்தச் சாமிதான் இவரு உசுரைக் காப்பாத்திக் குடுத்துருக்குது. ரசாக் பாயி வரோணும். அந்தப் பையன் கோர்ட்டுல நிக்கோணும்."

"இல்ல ராசாத்தா..."

"நீங்க சும்மா இருங்க."

நஞ்சுண்டன் சும்மா இருந்தார்.

* * *

மறுநாள் காலை. கோர்ட்டுக்குக் கிளம்பும்போது மீண்டும் டெலிபோன்.

"வக்கீலம்மா, நேத்துச் சொன்னது ஞாவகமிருக்குதுங்களா?"

பிரவீனா பல்லைக் கடித்தாள். "ரசாக் வருவார். உன்னால ஆனதைப் பார்த்துக்கோ."

"வரமாட்டாருங்க. அவரை ஏற்கெனவே தூக்கிப்போட்டமுங்க. நீங்க பாத்துப் பத்திரமாப் போயிட்டு வாங்க. வெயிலு சாஸ்தியா இருக்குது."

குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம். கசகசவென்று... ஒரு பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் முணுமுணுப்பது போல. லைன் துண்டிக்கப்பட்டது.

சொன்னபடியே ஆயிற்று. விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் டவாலி மூன்று முறை கூப்பிட்டும் ரசாக் வரவில்லை. நஞ்சுண்டனையும் காணோம். "காலு வலிக்குது, பின்னால பஸ்ஸுல வாரேன்னு சொன்னாருங்க," என்றாள் ராசாத்தாள்.

எதிர்ப் பெஞ்சில் தீபக் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி. ஒரு மாதிரியான சிரிப்பு.

பிரவீனா அவன் எதிரே போய் நின்றாள். "ரசாக்கை எங்கே வெச்சிருக்கே?"

"எனக்கெதுக்கு மேடம் அந்தாளு? நான் வால்பாறையில இருந்தவன்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மதியம் வரைக்கும் டைம் தர்றேன். சாட்சி வரலைன்னா வழக்கை முடிச்சுடுவேன்."

மூன்று பெண்களும் ஒரு அம்பாசடர் டாக்சியைப் பிடித்து ரசாக் வீட்டுக்குப் பறந்தார்கள். ரசாக்கின் மனைவி உம்மல் குல்சும் வாசலுக்கு வந்தாள். முகத்தில் கவலையே இல்லை.

"அவங்க விடியக்காலமே போயிட்டாங்களேம்மா. பல்லடத்துல ஏதோ பண்ணையில விசேஷமாம், நூறு பேருக்குச் சமையலாம். வேன்ல பாத்திரமெல்லாம் ஏத்திட்டுப் போனாங்க."

"இன்னிக்குக் கோர்ட்டாச்சே?"

"கேஸைத் தள்ளி வெச்சாச்சுன்னு ஆர்டர் குடுத்தவரே சொன்னாராமே."

பண்ணை...

பிரவீனாவின் மூளைக்குள் ஸ்விட்ச் ஒன்று விழுந்தது. டெலிபோனில் கேட்ட அந்தக் கசகசப்பு மனிதக் கூட்டமல்ல. கோழிகள்! ஆயிரக்கணக்கான கோழிகள்!

"ராசாத்தாக்கா... பல்லடத்துல டெலிபோன் வெச்சிருக்கற கோழிப்பண்ணை எத்தனை இருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சு எங்களுதுதானுங்க," என்றாள் ராசாத்தாள். சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது.

டாக்சி பல்லடம் ரோட்டில் சீறியது. "கொஞ்சம் மெதுவாப் போப்பா," என்றாள் பிரவீனா. "இன்னொரு விபத்துக் கேஸை என்னால தாங்க முடியாது."

* * *

பண்ணையின் கடைசி ஷெட். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ரசாக்கின் அலறல்.

"ஐயோ, வேண்டாங்க! கத்தியைக் கீழ போடுங்க! ரத்தம் வந்துரும்!"

ஃபஹீமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிரவீனா கதவை எட்டி உதைத்தாள். அது தாழ் போடாத கதவு. அவள் உள்ளே போய்த் தீவன மூட்டை மேல் விழுந்தாள்.

ஷெட்டுக்குள்...

மூன்று கல் அடுப்பு. அதன் மேல் மூடி போட்டு, மூடி மேல் தணல் போட்ட ஒரு ராட்சசப் பாத்திரம். பக்கத்தில் ரசாக் பாய், தோளில் துண்டு. அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கையில் அரிவாள்மணை சைஸுக்கு ஒரு கத்தியோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர்...

நஞ்சுண்டன்.

"வாங்கம்மா," என்றார் ரசாக். "இவருகிட்டச் சொல்லுங்க. வெங்காயத்தை இப்படியா பிடிக்கறது? வெரலு போயிரும்."

நஞ்சுண்டன் மனைவியைப் பார்த்தார். வெட்டிய வெங்காயத்துக்கு வராத கண்ணீர் இப்போது வந்தது.

"நீங்கதானா போன்ல மிரட்டுனது?" பிரவீனா மூட்டையிலிருந்து எழுந்தாள். "எதுக்குண்ணா? உங்க கேஸுங்க இது!"

"தப்புத்தானுங்க. மன்னிச்சுப்போடுங்க. கொலையெல்லாம் பண்ணியிருக்கமாட்டனுங்க. எனக்குக் கோழி கழுத்தைத் திருகவே மனசு வராதுங்க."

"காரணத்தைச் சொல்லுங்க."

நஞ்சுண்டன் வெங்காயத் தோலைப் பொறுக்கினார். ரசாக்தான் வெகுளியாகச் சொன்னார்.

"அன்னிக்கு இவரு நம்ம கடையிலதாம்மா பார்சல் வாங்கிட்டு ரோட்டைத் தாண்டுனாரு. பிரியாணிப் பொட்டலம். சூடாறுறதுக்குள்ள அந்தக் காரு வந்து..."

ஷெட்டிலிருந்த அத்தனை கோழிகளும் ஒரு விநாடி அடங்கியது போல இருந்தது.

"பிரசாதம்னீங்க?" என்றாள் ராசாத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"பாதிப் பேச்சைக் கேட்டுக் கோவிக்காத அம்மணி. பிரியாணிதான். ஆனா கறியில்ல. குஸ்கா! வெறும் சோறு. பீஸே கெடையாது. என்னங்க பாய்?"

ரசாக் நஞ்சுண்டனின் கண்களைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "எனக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் பொட்டலம் போவுதுங்க..."

"வெறும் குஸ்காவை மறைக்கறதுக்கா கேசையே தோக்கடிக்கப் பாத்தீங்க?"

"பயமா இருந்துது ராசாத்தா. கேசு தோத்தா எங்காலோட போச்சு. உனக்குத் தெரிஞ்சா..."

ராசாத்தாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "நெஞ்சு வலின்னு நீங்க புடிச்சுக்கிட்டு உழுந்தப்ப எனக்கு இருந்த பயத்துல இது பாதி கெடையாதுங்க," என்றாள். "எந்திரிங்க. கோர்ட்டுக்கு நேரமாகுது."

ரசாக் மட்டும் அசையவில்லை. "தம் போட்ட பாத்திரத்தை வுட்டுப்போட்டு நான் வரமாட்டனுங்க."

பாத்திரமும் வந்தது. டிக்கியில்.

* * *

மதியம். சாட்சிக் கூண்டில் ரசாக்.

"காரு வந்த வேகத்துல இவரைத் தூக்கி ரோட்டோரமாப் போட்டுச்சுங்கய்யா. பொட்டலம் பறந்து போயி முன்கண்ணாடியில உழுந்து பிரிஞ்சுபோச்சு. காரு நின்னுச்சு. இந்தத் தம்பிதான் எறங்குனாரு. கைக்குட்டையால கண்ணாடியைத் துடைச்சாரு. ரத்தம் போயிட்டிருந்த மனுசனைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. கண்ணாடியைத்தான் பாத்தாரு."

ராசாத்தாளின் கை, கணவரின் ஊன்றுகோலை இறுகப் பிடித்துக்கொண்டது.

அடுத்து தீபக் கூண்டேறினான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் நீதிபதி. கழற்றினான். 'வால்பாறை' என்றான். 'எஸ்டேட் பங்களா' என்றான். 'மழை' என்றான். அவனுடைய வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிரவீனா எழுந்தாள். அவளிடம் ஆதாரம் எதுவும் மிச்சமில்லை. கடைசிக் கல்... எறிந்துதான் பார்க்க வேண்டும்.

"மிஸ்டர் தீபக், உங்க கார் பழைய காரா?"

"பழசா? ஷோரூம்ல இருந்து நானே ஓட்டிட்டு வந்தது மேடம். ஒரு தூசி இருக்காது."

"முன்கண்ணாடியில நீளமா ஒரு கீறல் இருக்கறதா போலீஸ் ரிப்போர்ட் சொல்லுது. செகண்ட் ஹேண்ட் காராத்தான் இருக்கும். உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க."

தீபக்கின் காதுகள் சிவந்தன. "புதுக் காருங்கறேன்!"

"புதுசுன்னா கீறல் எப்படி வரும்? கண்ணாடியில விழுந்தது வெறும் குஸ்கா. சோத்துப் பருக்கை கீறல் போடுமா?"

"குஸ்காவா? யாரு மேடம் சொன்னது? லெக் பீஸுங்க! ரெண்டு லெக் பீஸு! எலும்பு வைப்பர்ல மாட்டிக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கீறிப்போட்டுது. அதுக்கு நான் யாருகிட்ட நஷ்டஈடு..."

நின்றான்.

நீதிபதி பேனாவைத் திறந்தார். தீபக்கின் வக்கீல் தன் கேஸ் கட்டை மூடினார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், பக்கத்து ஆளிடம் "கட்டிர வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தார்.

கேஸ் ஜெயித்துவிட்டது.

பிரவீனா மலர்ந்த முகத்தோடு திரும்பினாள். ஜெயித்த நஞ்சுண்டன் தூக்குத்தண்டனைக் கைதி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு லெக் பீஸு," என்றாள் ராசாத்தாள்.

* * *

அவள் அடிக்கவில்லை. திட்டவில்லை. கோர்ட் வாசலில் டாக்சி டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

"பாயி, மூடியைத் தொறங்க. ஒரு வருச வேண்டுதலு முடிஞ்சு போச்சு. எனக்கு."

"எனக்கு?" என்றார் நஞ்சுண்டன்.

"நீங்க முறிச்சவரு. அபராதத்தோட மூணு வருசம்."

நெய்யும் பட்டையும் கலந்த ஆவி குப்பென்று எழுந்தது. வக்கீல்கள் வந்தார்கள். குமாஸ்தாக்கள் வந்தார்கள். டவாலி கூப்பிடாமலே வந்தார். நூறு பேருக்கு ஆக்கியது நூறு பேருக்கும் சரியாகப் போனது. ராசாத்தாள் இலையோடு மாடியேறிப் போய், பிரவீனாவின் ஆபீஸ் நாற்காலியில் சம்மணமிட்டு, புருஷனைப் பார்த்தபடியே, ஒரு வருடத்துப் பசிக்கும் சேர்த்து நிதானமாகச் சாப்பிட்டாள். நஞ்சுண்டன் முன்னால் ஒரு டம்ளர் மோர் மட்டும் இருந்தது.

"அம்மணி," என்று அவர் பிரவீனாவிடம் கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. "காலு ஒடிஞ்சப்பக்கூட இவ்வளவு வேதனை இல்லீங்க. இந்த மாதிரி மன உளைச்சலுக்குச் சட்டத்துல ஒண்ணும் வழியில்லீங்களா?"

பிரவீனா பதில் சொல்வதற்குள், ஃபஹீமா எலும்பை இலையில் வைத்துவிட்டு, டைப்ரைட்டரில் புதுப் பேப்பரைச் செருகினாள்.

"சுலபம் மேடம். மனுதாரர் பேரு அதேதான். எதிர்மனுதாரர் பேரை மட்டும் மாத்தி அடிச்சாப் போதும்."